திரையில் கண்ட இல்லறம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



‘திரைப்படமும் இல்லறமும்’ என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் அவர்கள் நம்மைப் பணித்தார்கள். நாம் புலவர் அல்லோம். மேடைப் பழக்கம் மிக உடையோமும் அல்லோம். பத்தாம் வகுப்புத் தேறியபின் இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்து, பாஸ் விண்ணப்பங்களுக்கும் விடுப்புக் கணக்குகளுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டோம். எனினும் படம் பார்ப்பதற்கு எந்தத் தேர்வும் எழுத வேண்டுவதில்லை. ஆதலின் துணிந்து மேடை ஏறினோம். குற்றம் காணின் பொறுத்தருள்க.

நம் படங்களுட் பெரும்பாலானவை காதலில் தொடங்கிக் கலியாணத்தில் முடிவன. மாலை மாற்றியதும் ‘வணக்கம்’ என்னும் எழுத்து வந்துவிடும். நாமும் எழுந்து செருப்பைத் தேடத் தொடங்குவோம். ஆனால் அந்த மாலை வாடியபின் நடப்பதைக் காட்டும் படங்களும் சில உண்டு. கணவன் மனைவியர்க்கு இடையே மூன்றாமவர் ஒருவர் வந்து நிற்கும் கதைகள் அவை. இன்று அவற்றைப் பற்றியே பேச எண்ணுகிறோம். நல்ல நாளில் இப்பேச்சு எதற்கு என்று தாய்மார் சிலர் நினைக்கக்கூடும். திருவள்ளுவர் ‘பிறனில் விழையாமை’ என்னும் அதிகாரத்தை இல்லறவியலின் நடுவே வைத்தார். குடும்பம் நடத்துவோர் கூடியிருக்கும் அவையிற் பேசவேண்டிய பொருளே இது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

முதலில் நாம் வாழும் இவ்வூரின் நிலையை நினைத்துப் பார்ப்போம். 1864ஆம் ஆண்டில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர்க் கண்டோன்மெண்டுக்கு இருப்புப்பாதை வந்தது. அதற்கு முன்னரே தமிழ் மக்கள் இங்கு வந்து குடியேறியிருந்தனர். பாதை வந்தபின் மேலும் மிகுதியாக வந்தனர். அலசூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறை தலைமுறையாக வேர் ஊன்றினர். 2001ஆம் ஆண்டிற் கோலார் தங்கவயற் சுரங்கங்கள் மூடப்பட்டபின், அங்குள்ள குடும்பத்தார் பலர் மாரிக்குப்பம் வண்டியேறி இங்கு வந்து உழைத்துத் திரும்பும் நிலை ஏற்பட்டது. விடியுமுன் வீட்டை விடுகின்றனர். இருட்டியபின் வீடு சேர்கின்றனர். பிள்ளைகள் தந்தையின் முகத்தைப் பகல் வெளிச்சத்திற் காண ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும். வொயிட்பீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் வேலை பார்க்கும் நம் இளைஞரின் நிலையும் இதனினும் மேலானதன்று. கணவனுக்கு இரவுப் பணி, மனைவிக்குப் பகற்பணி. ஒரு பூட்டுக்கு இரண்டு சாவிகள். இருவரும் எதிர்ப்படுவதோ வாசற்படியில்.

ஊரில் இருந்தால், வீட்டில் ஒரு சொல் தடித்த மாலையே பெரியப்பா வந்து திண்ணையில் அமர்ந்துவிடுவார். தாய்மாமன் வருவார். அவர்கள் பேசுவதெல்லாம் நியாயம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கேட்பதற்கு ஆள் உண்டு. மாற்றல் உத்தரவைக் கையிற் பிடித்துக்கொண்டு, இரண்டு பெட்டியும் ஒரு பாயுமாய் இங்கு வந்து இறங்கிய குடும்பத்திற்குத் திண்ணையும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. அடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பவர்தாம் உண்டு. அதாவது, நாம்தாம் உண்டு. ஒரு வீட்டின் இல்லறம் உடையும்போது அடுத்த வீட்டில் இருக்கும் நமக்கு என்ன கடமை? நாம் யாரிடம் போய்ப் பேசவேண்டும்? இவ்வினாவை மனத்திற் கொண்டு சில படங்களைப் பார்ப்போம்.

பழைய படத்திலிருந்து தொடங்குவோம். 1954ஆம் ஆண்டில் ‘இரத்தக்கண்ணீர்’ வெளிவந்தது. திருவாரூர் கே. தங்கராசு அவர்களின் நாடகத்தைக் கிருஷ்ணன்–பஞ்சு இருவரும் படமாக்கினர். நடிகவேள் எம். ஆர். இராதாவின் பெயரைச் சொன்னவுடனே நம்மவர் நினைவுக்கு வரும் படம் அது. மோகனசுந்தரம் வெளிநாடு சென்று மீண்ட செல்வன். சந்திரா என்னும் நல்லாளை மணக்கிறான். அவளை இகழ்ந்து தள்ளிவிட்டுக் காந்தா என்பவளின் வீடே கதியெனக் கிடக்கிறான். செல்வம் கரைகிறது. தொழுநோய் பற்றுகிறது. கண்ணொளியும் போகிறது. காந்தா அவனை வெளியேற்றுகிறாள். முடிவில், தன் நண்பன் பாலுவே சந்திராவை மணந்து வாழவேண்டுமென அவன் வேண்டிக்கொள்கிறான். கைவிடப்பட்டவளுக்கு மறுவாழ்வு உண்டு என்று 1954இலேயே கூறிய துணிவை நாம் வணங்குகிறோம்.

எனினும் ஒன்று சொல்லவேண்டும். அப்படத்தில் தவறு செய்தவனைத் தண்டிப்பது நோய். தொழுநோய் ஒரு நுண்ணுயிரால் வருவது. 1981ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தினால் முற்றும் குணமாவது. ஒழுக்கத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அந்நோயுற்றோரைப் பாவிகளாகக் காட்டியது அக்காலத்தின் குறை. அன்றியும், மனையாளைக் கைவிட்டவனை நோய் வந்து தண்டிக்கும் என்றால் மற்றவர்க்கு வேலையே இல்லை. கைகட்டிக் காத்திருந்தாற் போதும். வாழ்விலோ அவ்வாறு நடப்பதில்லை. மனைவி மக்களைத் தவிக்கவிட்டவர்கள் நல்ல உடல்நலத்தோடு பதவி உயர்வும் பெற்று, ஓய்வூதியமும் வாங்கிக்கொண்டு, மாலையிற் பூங்காவில் நடைபயில்வதைக் காண்கிறோம். தெய்வம் நின்று கொல்லும் என்று சொல்லிவிட்டு நாம் உறங்கப் போய்விடுகிறோம்.

இனி, நமக்கு வாழ்வளிக்கும் இக்கன்னட நாட்டின் படம் ஒன்று. 1971ஆம் ஆண்டில் புட்டண்ண கணகால் இயக்கிய ‘சரபஞ்சர’. திரிவேணி அம்மையாரின் நாவலைத் தழுவியது; கல்பனா அதிற் காவேரியாக நடித்தார். காவேரி பிள்ளைப்பேற்றின்பின் மனநோய்க்கு ஆளாகிறாள். மருத்துவமனையிற் குணம் பெற்று வீடு திரும்புகிறாள். நோய் அவளை விட்டுவிட்டது, ஊர் விடவில்லை. உரக்கச் சிரித்தாலும் பைத்தியம் என்கிறார்கள், வாய் மூடியிருந்தாலும் பைத்தியம் என்கிறார்கள். கணவனின் அன்பும் அலுவலகத்தில் வேறொருத்தியிடம் போயிருப்பதை அவள் அறிகிறாள். அதன்பின் மருத்துவமனையே அவளுக்குப் புகலிடமாகிறது. அப்படத்தில் அடுத்த வீட்டார் யாரும் கணவனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை. அவர்கள் கண்ணெல்லாம் காவேரிமேல். தோழர்களே, அம்பு தொடுத்த கைகளுள் அண்டை வீட்டாரின் கைகளும் உண்டு என்பதை அப்படம் சொல்லாமற் சொல்கிறது.

அடுத்து நாம் சிறப்பாக எடுத்துக்கொள்ள விரும்புவது ‘மறுபடியும்’. 1993ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்தது. இயக்கியவர் பாலுமகேந்திரா. அவர் ஈழத்து மட்டக்களப்பிற் பிறந்தவர். 1977ஆம் ஆண்டில் அவர் முதன்முதலாக இயக்கிய ‘கோகிலா’ கன்னடப் படம் என்பதை இங்குள்ளோர் பெருமையோடு நினைவுகூரலாம். மகேஷ் பட் 1982ஆம் ஆண்டில் இந்தியில் எடுத்த ‘அர்த்’ என்னும் படத்தின் தமிழ் வடிவமே ‘மறுபடியும்’. அர்த்தின் கதையைத் தம் சொந்த வாழ்விலிருந்தே எடுத்ததாக மகேஷ் பட் வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

கதை இதுதான். துளசி பெற்றோரற்று வளர்ந்தவள். தனக்கென ஒரு வீடு வேண்டும் என்பதே அவள் கனவு. கணவன் முரளிகிருஷ்ணா திரைப்பட இயக்குநர். கனவு கைகூடி வரும் வேளையில், அவன் கவிதா என்னும் நடிகையோடு வாழத் தொடங்கிவிட்டான் என்பதை அறிகிறாள். வீடும் வேண்டா என்று வெளியேறிப் பெண்கள் விடுதியிற் போய்த் தங்குகிறாள். கௌரிசங்கர் என்னும் நல்ல நண்பன் துணை நிற்கிறான். துளசியாக ரேவதியும், முரளியாக நிழல்கள் ரவியும், கவிதாவாக ரோகிணியும், கௌரிசங்கராக அரவிந்த்சாமியும் நடித்தனர்.

இப்படத்திற் கொடியவர் என்று ஒருவரும் இல்லை. கவிதா பேராசைக்காரி அல்லள். அச்சத்தால் மனம் சிதைந்தவள். ஒருத்தியை விட்டு வந்தவன் நாளை நம்மையும் விட்டுப் போகமாட்டானா என்னும் அச்சம் அவளை அரிக்கிறது. முடிவில் அவளே அவனை விலக்கிவிடுகிறாள். இளங்கோவடிகள் மாதவியைப் பழிக்காமற் காத்த பண்பை இங்கே நினைக்கிறோம். வந்தவளைத் திட்டித் தீர்த்துவிட்டால் போனவன் தப்பித்துக்கொள்வான் என்பதை அடிகளும் அறிந்திருந்தார், பாலுமகேந்திராவும் அறிந்திருந்தார்.

அதன்பின் முரளி துளசியிடம் திரும்பி வருகிறான். படத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. அவள் அழவில்லை, ஏசவில்லை, ஒன்றே ஒன்று கேட்கிறாள். தான் இவ்வாறு வேறொருவனோடு வாழ்ந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தால் அவன் ஏற்றுக்கொண்டிருப்பானா என்பதே அக்கேள்வி. இல்லை என்று அவன் உண்மையைச் சொல்கிறான். அவள் விடை கொடுத்துவிடுகிறாள். கௌரிசங்கர் மணந்துகொள்ள விரும்பியபோதும் அவள் அன்போடு மறுக்கிறாள். அவள் வீட்டிற் பணிசெய்த பெண்ணின் கதை ஒன்று உடன் ஓடுகிறது. அவளும் கணவனால் வஞ்சிக்கப்பட்டவள். மகளின் படிப்பிற்கென்று சேர்த்த பணத்தையும் அவன் பறித்துக்கொள்ள, வெகுண்டு அவனைக் கொன்று சிறை செல்கிறாள். அவளுடைய மகளைத் துளசி தன் மகளாக ஏற்கிறாள்.

இங்கே நாம் சற்று நின்று எண்ணவேண்டும். திரும்பி வருதல் ஒன்றே கடனைத் தீர்த்துவிடும் என்று முரளி நினைக்கிறான். நம்மிற் பலரும் அவ்வாறே நினைக்கிறோம். ‘வந்துவிட்டானே, இனி என்ன?’ என்கிறோம். மன்னிப்பு என்பது மாதம் முடிந்ததும் கையொப்பமிட்டு வாங்கும் சம்பளம் அன்று. கொடுப்பவள் மனமுவந்து கொடுத்தாற் பெறலாம். கொடுக்காவிடின் அவள்மேற் குறை இல்லை. தான் செய்ததன் பயனைத் தானே சுமப்பவனே வளர்ந்த மனிதன். மீசை முளைத்ததனாலோ, சம்பளம் வாங்குவதனாலோ ஒருவன் பெரியவன் ஆகிவிடுவதில்லை. ‘மறுபடியும்’ படத்தில் இரண்டு ஆடவர் செய்த தவற்றுக்கு ஒருத்தி வீடிழந்தாள், ஒருத்தி சிறை சென்றாள். பெற்றவனின் குற்றமும் பெற்றவளின் சிறையும் ஒரு குழந்தையைத் தெருவில் விட்டபோது, தவறேதும் செய்யாத ஒருத்தி அக்குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். அப்படத்தில் வயதுவந்தோர் என்று சொல்லத்தக்கவள் அவளே.

கண்ணகி கோவலனை ஏற்றாளே, துளசி மறுக்கலாமா என்று கேட்போர் உண்டு. கண்ணகி ஏற்றாள், ஆனால் வாய் பேசாது ஏற்றாள் என்று கருதுவது பிழை. மதுரைப் புறஞ்சேரியில், ஆயர் மனையில் அவனுக்கு உணவிட்டபின் அவள் கூறுவதைச் சிலம்பிற் படித்துப் பாருங்கள். துறவோரைப் போற்றுதல், விருந்தெதிர் கொள்ளுதல் முதலிய இல்லறக் கடமைகளைத் தான் இழந்து நின்றதை எடுத்துக் கூறி, அவன் ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறாள். பொறாமைச் சொல் ஒன்றும் அதில் இல்லை. இருவரும் சேர்ந்து செய்யவேண்டிய அறம் நின்றுபோயிற்றே என்பதுதான் அவள் குற்றச்சாட்டு. கண்ணகி ஏற்றதும் அவள் உரிமை. துளசி மறுத்ததும் அவள் உரிமை. இருவரும் உண்மையைச் சொல்லிய பின்னரே முடிவு செய்தனர்.

ஒரு குறையையும் கூறிவிடுவோம். துளசிக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே அவளால் எளிதில் எழுந்து நடக்க முடிந்தது. நம் காலனியில் ஒரு வீட்டில் இவ்வாறு நேர்ந்தால், பள்ளிக் கட்டணமும் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் முகமும் கதவருகே வந்து மறித்துக்கொள்ளும். அந்நிலையைக் காட்ட அதே பாலுமகேந்திரா 1995ஆம் ஆண்டில் ‘சதிலீலாவதி’ எடுத்தார். இது நகைச்சுவைப் படம். உரையாடல் கிரேசி மோகன். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். ஆயினும் உள்ளே இருப்பது பழைய கண்ணீர்தான். அருண் குழந்தைகளுக்குத் தந்தை. மனைவி லீலாவதி உடல் பருத்தவள் என்று அவனுக்கு மனக்குறை. பிரியா என்னும் பெண்ணோடு பழகி, அலுவல் என்று வீட்டிற் பொய் சொல்லிவிட்டு, அவளோடு அவன் வந்து சேரும் ஊர் எது தெரியுமா? நம் பெங்களூர்தான்! வெளியூரார்க்கு இது ஒளிந்துகொள்ள வாய்ப்பான ஊர் போலும்.

ஆனால் ஒளிய முடியவில்லை. கொங்குத் தமிழ் பேசும் நண்பர் டாக்டர் சக்திவேல் கவுண்டர் குடும்பத்தோடு எதிர்ப்பட்டுவிடுகிறார். கமல்ஹாசனும் கோவை சரளாவும் அந்தத் தம்பதியராக வந்து அவையைக் கலகலக்க வைத்தனர். நண்பனின் களவை மறைக்கப் போன கவுண்டர் தம் மனைவியிடமே அகப்பட்டு விழிப்பதைக் கண்டு நாம் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின் எண்ணிப் பார்த்தால், நம்மிற் பலர் அவ்வேலையைச் செய்துகொண்டிருப்பது தெரியும். ‘அவர் எங்களோடுதான் இருந்தார் அண்ணி’, ‘ஆபீசில் ஆடிட் தங்கச்சி, அதனால்தான் நேரமாயிற்று’ என்று நண்பனுக்காக நாம் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒரு வீட்டின் சுவரிலிருந்து உருவப்படும் செங்கல். இப்படத்தை 2005ஆம் ஆண்டில் ரமேஷ் அரவிந்த் ‘ராம ஷாம பாமா’ என்று கன்னடத்தில் இயக்கினார். தமிழர் வீட்டுக் கதை கன்னடர் வீட்டுக்கும் பொருந்திற்று. இத்துன்பத்திற்கு மொழி வேறுபாடு இல்லை.

நிற்க. இவற்றிற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, அதன் வரலாறும் அறியத்தக்கதே. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவு, பிறன்மனைவியோடு அக்கணவனின் இசைவின்றிக் கூடியவனைக் குற்றவாளி என்றது. முறையிடும் உரிமை அந்தக் கணவனுக்கு. தவறு செய்தவனின் மனைவிக்கோ அவ்வுரிமை இல்லை. கணவன் மணமாகாத ஒருத்தியோடு வாழ்ந்தால் அப்பிரிவின்கீழ்க் குற்றமே இல்லை. எனவே 1993இல் துளசி அப்பிரிவைக் கொண்டு வழக்குத் தொடுத்திருக்க முடியாது. சட்டம் காத்தது மனைவியின் மனத்தை அன்று, கணவனின் உடைமையை. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அப்பிரிவைச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அக்குற்றம் இடம்பெறவில்லை.

அதனால் தவறு சரியாகிவிட்டது என்று பொருள் கொள்ளலாகாது. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின்படி, மணவுறவுக்கு மாறான கூடல் இன்றும் மணவிலக்குப் பெறக் காரணமாகும். கணவன் கைவிட்டால் மனைவியும் குழந்தைகளும் வாழ்க்கைப்படி கோரலாம். முன்பு நடுவண் சட்டத்தில் அதற்கு மாதம் 500 ரூபாய் என ஓர் எல்லை இருந்தது. 2001ஆம் ஆண்டில் அந்த எல்லை நீக்கப்பட்டது. நம் இருப்புப்பாதைப் பணியாளர்க்கு உரிய 1966ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 21ஆம் விதியோ, துணைவர் உயிரோடிருக்க மறுமணம் செய்வதைத் தடுக்கிறது. ஆக, வேலைக்கும் பணத்திற்கும் விதி உண்டு. மனைவியின் பெயரை எழுதப் படிவத்தில் இடம் உண்டு. அப்பெயருக்கு உரியவளை மதித்து நடக்க எந்தப் படிவத்தில் இடம் இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் நம் அலுவலகத்திற்கு ஓர் அம்மையார் சிறுமி ஒருத்தியை அழைத்துக்கொண்டு வந்தார். கணவர் அதே கட்டடத்தில் வேறொரு பிரிவிற் பணி செய்பவர். பதினொரு மாதமாக வீட்டுக்கு வரவில்லை; பணமும் அனுப்பவில்லை. அவ்வம்மையார் நம்மிடம் கேட்டது ஒன்றுதான்: “ஐயா, பாஸில் என் பெயர் இன்னும் இருக்கிறதா?” ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். பெயர் இருந்தது. அதைக் கேட்டு அவர் முகத்தில் ஒரு தெளிவு தோன்றியது. வாழ்வில் இல்லாத இடம் ஏட்டில் இருப்பதற்கே ஒருத்தி மகிழ்கிறாள் என்றால் அவள் எவ்வளவு இழந்திருக்கவேண்டும்!

சுற்றியிருந்தோர் வழக்கம்போல் அவருக்கே அறிவுரை கூறத் தொடங்கினர். ‘அனுசரித்துப் போங்கள் அம்மா’, ‘ஆண்பிள்ளை அப்படித்தான், கொஞ்சம் பொறுங்கள்’ என்றனர். ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த கண்காணிப்பாளர் ஒருவர் எழுந்து வந்தார். அவர் கன்னடர், தமிழ் தட்டுத் தடுமாறியே வரும். அம்மையாரிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆளனுப்பி அந்தக் கணவரை வரவழைத்தார். எதிரே அமரச் செய்து தேநீரும் தருவித்தார். பிறகு, “உன் மகள் இப்போது எந்த வகுப்புப் படிக்கிறாள்?” என்று கேட்டார். அவருக்கு விடை தெரியவில்லை. மூன்றாம் வகுப்பா நான்காம் வகுப்பா என்று விழித்தார். சிறுமியோ தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்து நின்றாள். “சேர்ந்து வாழ்வதும் பிரிவதும் உங்கள் இருவருக்கும் உரிய முடிவு, அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. இவள் எந்த வகுப்பு என்று அறிவது உன் வேலை. அதை நான் செய்ய முடியாது” என்றார் கண்காணிப்பாளர். விதிப்புத்தகத்தை அவர் கையாலும் தொடவில்லை.

அவ்விருவரும் மீண்டும் கூடி வாழ்ந்தார்கள் என்று கதை முடிப்பதற்கில்லை. கூடவில்லை என்றே அறிகிறோம். ஆனால் அடுத்த மாதம் முதல் பணம் தவறாமற் சென்றது. பள்ளிக் கட்டணத்தையும் அவரே கட்டினார். முழுமையான நன்மை அன்று எனினும், அச்சிறுமியின் அளவில் அது பெரிது.

அந்நிகழ்ச்சியை எண்ணுந்தோறும் நமக்குப் புறநானூறு நினைவுக்கு வருகிறது. வையாவிக் கோப்பெரும் பேகனைத் தெரியாத தமிழர் இல்லை. மழைக்காலத்து மயில் குளிரால் நடுங்குகிறதென்று போர்வை போர்த்திய வள்ளல். அவ்வள்ளல் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் வாழ்ந்தான் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. மயிலின் நடுக்கம் தெரிந்தது. மனையாளின் நடுக்கம் தெரியவில்லை. அதற்காகப் பாடியவை புறநானூற்றில் 143 முதல் 147 வரையுள்ள ஐந்து பாடல்கள். பாடியவர் கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய நால்வர். வறுமையில் வாழ்ந்த புலவர்கள். பேகன் பொன்னும் பொருளும் கொடுக்க வல்லவன். எனினும் அவர்கள் அவனிடம் வேண்டியது வேறு. நாங்கள் பசித்து வரவில்லை, அவள் துயரைப் போய்த் தீர்ப்பாயாக, அதுவே நீ எங்களுக்குத் தரும் பரிசில் என்னும் கருத்துப்படப் பாடினர்.

தோழர்களே, இதைச் சற்று ஆழ்ந்து எண்ணுங்கள். நால்வருள் ஒருவரேனும் அவ்வரசியிடம் போய், பொறுத்துக்கொள் அம்மா என்று சொன்னதாகப் பாட்டில்லை. நால்வரும் பேசியது பேகனிடம். பரிசில் தரும் கையைப் பார்த்து, நீ செய்வது சரியன்று என்று சொல்லும் நெஞ்சுரம் அவர்களுக்கு இருந்தது. அவர்கள் சங்கப் புலவர்கள். நாமும் சங்கத்தார் என்றே நம்மை அழைத்துக்கொள்கிறோம். பெயரளவில் மட்டும் சங்கத்தாராய் இருந்தால் போதுமா?

ஆகவே நம் காலனிக் குடும்பங்களின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, ஒரு வீட்டில் இத்தகைய இடர் நேர்ந்தால், அறிவுரையைக் கைவிடப்பட்டவரிடம் கொண்டு செல்லாதீர்கள். கைவிட்டவரிடம் கொண்டு செல்லுங்கள். தவறியவர் மனைவியாயின் அவரிடமும் அவ்வாறே பேசலாம். நீதி இருபாலர்க்கும் ஒன்றே. அடியும் உதையும் நடக்கும் வீடாயின் பேச்சோடு நின்றுவிடாமற் காவல் நிலையத்திற்குச் செல்லத் துணை போங்கள். இரண்டு, நண்பனுக்காகப் பொய் சொல்லாதீர்கள். அவனைக் காட்டிக் கொடுக்க வேண்டுவதில்லை. ‘எங்களைச் சாட்சிக்கு அழைக்காதே’ என்று அவனிடமே சொல்லிவிட்டாற் போதும். மூன்று, பிள்ளைகளைத் தூது விடாதீர்கள், துப்பும் கேட்காதீர்கள். ‘அப்பா நேற்று வந்தாரா?’ என்று குழாயடியில் ஒரு குழந்தையிடம் கேட்கும் கேள்வி அதன் நெஞ்சில் எத்தனை ஆண்டு தங்கும் என்பதை நாம் அறியோம். அதற்குப் பதிலாக, மாலையில் அக்குழந்தையை அழைத்து நம் பிள்ளைகளோடு அமர்த்தி ஒரு தோசை கொடுங்கள். அது கோடி பெறும்.

பிரிந்தோர் யாவரும் கூடியே தீரவேண்டும் என்பது நம் கருத்தன்று. கூடுவோர் உண்மையைப் பேசிக் கூடட்டும். பிரிவோர் கடனைத் தீர்த்துப் பிரியட்டும். எவ்வாறாயினும், பெரியவர்கள் செய்ததன் விலையைச் சிறியவர்கள் கொடுக்கும்படி ஆகாதிருக்கட்டும். இதைச் சொல்வதற்கே இத்தனை படங்களையும் துணைக்கு அழைத்தோம்.

நேரம் மிக ஆகிவிட்டது. அடுத்து நம் காலனிச் சிறுவர்களின் நாடகம் இருக்கிறது. திரைக்குப் பின்னே சலங்கை ஒலியும் கேட்கிறது. 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வாழ்க நமக்கு வாழ்வளிக்கும் கன்னட நாடு!